கீழே ஒரு கோடு

ஸ்ரீவில்லிபுத்தூர்
8.12.1991

அன்புள்ள அண்ணனுக்கு, தங்கை சௌதா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

அல்லாஹ்வின் கிருபையால் அத்தா, அம்மா, நான் மூவரும் சுகம். நீங்களும் ஹாஜரா மதினியும் சென்னையில் சுகமா? மதினிக்கு வாந்தி நின்றதா என்று அம்மா கேட்கச் சொன்னார்கள். அம்மாவின் முழங்கால் வலி மழையோடு வந்தது, மழை போன பிறகும் போகவில்லை. குடைக் கடையில் இந்த வருடம் நல்ல வியாபாரம்தான். ஆனாலும் கேட்டால் அத்தா "என்னத்த வியாபாரம்" என்றுதான் சொல்கிறார்கள்.

எனக்கு ஒரே ஆத்திரமாக இருக்கிறது. உங்களிடம் கொட்டாமல் யாரிடம் கொட்டுவது? ராஜபாளையத்தில் சமுத்திரம் அண்ணாச்சியின் கம்ப்யூட்டர் சென்டரில் நான் பாஸ்கல் மொழியில் புரோகிராம் எழுதச் சொல்லிக்கொடுப்பது உங்களுக்குத் தெரியும். பிள்ளைகள் எல்லாம் தமிழ் மீடியம். 'குறைவு அல்லது சமம்' என்றால் ≤ என்று எழுதிக் கை பழகியவர்கள். கீழே அந்தக் கோடு போட மறந்ததற்காக மார்க்கும் போய்க் காதும் சிவந்தவர்கள். அவர்களிடம் போய், "அந்தக் குறியெல்லாம் கம்ப்யூட்டருக்குத் தெரியாது, முதலில் < போடு, பக்கத்தில் = போடு" என்கிறேன். ஒருத்தி எழுந்து கேட்டாள்: "ஏன் டீச்சர், அம்புட்டு விலை போட்டு வாங்குன மிஷினுக்கு, எங்க ஸ்கூல்ல படிச்சதுகூடத் தெரியாதா?" சமம் இல்லை என்பதற்கு <> போட வேண்டுமாம். சிறியதும் பெரியதும் முதுகைக் காட்டி நிற்பதற்குப் பெயர் சமமின்மையா? எவன் வைத்த சட்டம் இது?

சும்மா விடுவேனா? ஆல்ட் கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு வலது கைப் பக்கத்து எண் கட்டையில் 243 தட்டினால் எடிட்டரில் அச்சாக ≤ வருகிறது அண்ணே! 242 என்றால் ≥. குறியெல்லாம் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. உள்ளே வைத்துக்கொண்டே இல்லை என்று சாதிக்கிறார்கள். ≠ மட்டும் எங்கே தேடியும் இல்லை, அதை வைக்க மறந்த மகராசன் யாரோ.

பாஸ்கலிடம் ≤ கொடுத்தால் தப்பு என்று கத்தும். அதனால் நானே ஒரு சின்னப் புரோகிராம் எழுதிவிட்டேன். நாங்கள் எங்கள் பாட்டுக்கு ≤ போட்டு எழுதுவோம். என் புரோகிராம் அதைப் படித்து ஒவ்வொரு ≤ ஐயும் <= ஆக மாற்றி வேறு ஃபைலில் போடும். பாஸ்கலுக்கு அந்த ஃபைலைக் கொடுப்போம். பிள்ளைகள் அதற்கு 'மாத்தி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

மதினிக்கு என் ஸலாம். பதில் போடுங்கள், நோன்பு வரை காக்க வைக்காதீர்கள்.

உங்கள் தங்கை
சௌதா


சென்னை - 14
22.12.1991

அன்புத் தங்கை சௌதாவுக்கு, வ அலைக்கும் ஸலாம்.

நாங்கள் சுகம். வாந்தி நின்றுவிட்டது, பதிலுக்கு ஊறுகாய் பாட்டில் காலியாகிறது என்று அம்மாவிடம் சொல். அம்மாவுக்கு இங்கிருந்து ஒரு தைலம் அனுப்புகிறேன்.

உன் கடிதத்தை வாசித்து நானும் மதினியும் விழுந்து விழுந்து சிரித்தோம். நீ சின்ன வயதில் பல்லாங்குழியில் தோற்றால் பலகையோடு சண்டை போடுவாய், இப்போது பாஸ்கலோடு போடுகிறாய். ஊரோடு ஒத்து வாழ் என்பது கம்ப்யூட்டருக்கும் பொருந்தும் தங்கையே. உன் பெட்டியில் 243 என்றால் ≤. வேறொரு பெட்டியில், வேறொரு பிரிண்டரில் அதே 243 என்னவாக வரும் என்று யாருக்குத் தெரியும்? அமெரிக்காவில் உலகத்து எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் ஆளுக்கொரு நம்பர் கொடுத்து யூனிகோட் என்று புத்தகம் போட்டிருக்கிறார்களாம். தமிழ்கூட இருக்கிறதாம், உன் ≠ உம் இருக்குமாம். அது நம் மேஜைக்கு வந்து சேர்வதற்குள் நாம் பேரன் பேத்தி எடுத்திருப்போம். அதுவரை <= தான்.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். உன் சென்டரிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிற மில்லின் வேலை எங்கள் கம்பெனிக்கு வந்திருக்கிறது. தற்காலிகமாக வேலை செய்யும் பெண்களில் யார் யாரை நிரந்தரமாக்கலாம் என்று பட்டியல் எடுக்க ஒரு புரோகிராம் வேண்டும். மேனேஜர் என்னிடம் கொடுத்துவிட்டார். எனக்கு இங்கே வேறு வேலை கழுத்துவரை இருக்கிறது. நீ மில்லில் விதியைக் கேட்டுப் புரோகிராமை எழுதி அனுப்பிவிடு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். ஜூன் மாதம் வரை என் வேலையும் தற்காலிகம்தான் என்பதை மறந்துவிடாதே. இது நன்றாக வந்தால் எனக்கு நிரந்தரம். எழுதியது யார் என்ற பெயர் விஷயமெல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம்.

அத்தாவுக்கும் அம்மாவுக்கும் ஸலாம்.

அண்ணன்
நைனா முகமது


ஸ்ரீவில்லிபுத்தூர்
14.1.1992

அன்புள்ள அண்ணனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

எல்லோரும் சுகம். தைலம் வந்தது, முழங்கால் கேட்கவில்லை, ஆனால் "மகன் அனுப்பினான்" என்று தெருவெல்லாம் காட்டியதில் அம்மாவுக்குப் பாதி வலி போய்விட்டது.

நீங்கள் சிரித்தது போதும். வேலையை முடித்துவிட்டேன். மில்லின் லேபர் ஆபீசர் சோணைமுத்து சாரைப் பார்த்து விதியை எழுதி வாங்கினேன். மூன்று வருடம் முடித்திருக்க வேண்டும், போன வருடத்தில் பன்னிரண்டு நாளோ அதற்குக் குறைவாகவோ லீவு போட்டிருக்க வேண்டும். அறிவிப்புப் பலகையிலும் அப்படியேதான் ஒட்டியிருக்கிறார்கள்.

என்னோடு தினமும் பஸ்ஸில் வரும் வெள்ளத்தாயை அம்மாவுக்குத் தெரியும். சுந்தரபாண்டியத்திலிருந்து விடிவதற்குள் வந்து ராஜபாளையம் பஸ்ஸைப் பிடிப்பவள். அவளுடைய புருஷனுக்கு லாரியில் அடிபட்ட பிறகு வீடே அவள் கையில்தான். இந்தப் பட்டியலைத்தான் நம்பியிருக்கிறாள். மில்லில் லீவு பன்னிரண்டு நாள்தான் தருகிறார்கள். "தருதேன்னு சொன்னதை எதுக்கு விடணும்? ஆபீசர்ட்ட கேட்டுட்டுத்தான் பன்னெண்டையும் எடுத்தேன். பொறவு காய்ச்சல் அடிச்சப்பகூட மாத்திரையப் போட்டுக்கிட்டு மிஷின்ல போயி நின்னேன்" என்கிறாள். அங்கே பெரும்பாலான பெண்கள் அப்படித்தான், சரியாகப் பன்னிரண்டு.

பிளாப்பியை இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டி அனுப்புகிறேன். அதன் மேல் முத்திரையைக் குத்த வேண்டாம் என்று தபால் ஆபீசில் கெஞ்சினேன், என் கண் முன்னாலேயே ஓங்கிக் குத்தினார். பிளாப்பியில் புரோகிராம் இருக்கிறது, 'மாத்தி'யும் இருக்கிறது. முதலில் மாத்தியை ஓட்டுங்கள், அப்புறம் பாஸ்கல். இந்தப் புரோகிராமில் ≤ ஒரே இடத்தில்தான் வருகிறது, ஆனால் அந்த ஒரு இடம்தான் எல்லாம். வாசித்துப் பார்க்க வசதியாக அச்சிட்ட தாளும் வைத்திருக்கிறேன். அச்சு மங்கலாக இருக்கும். பிரிண்டருக்குப் புது ரிப்பன் வாங்க மனமில்லாமல் அண்ணாச்சி பழைய ரிப்பனுக்கு ஸ்டாம்ப் பேடு மையும் தேங்காய் எண்ணெயும் கலந்து பூசிக்கொண்டிருக்கிறார்.

மாதிரிக்குப் பதினொன்று, பன்னிரண்டு, பதிமூன்று நாள் லீவு உள்ள மூன்று பெயர்களைப் போட்டிருக்கிறேன். முதல் இருவர் பட்டியலில் வர வேண்டும், மூன்றாமவர் வரக்கூடாது. அதை ஓட்டிப் பார்க்காமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள்.

மதினியைக் கனமான எதையும் தூக்க விடாதீர்கள். மற்றவை உங்கள் பதில் கண்டு.

சௌதா


சென்னை - 14
17.2.1992

அன்புத் தங்கைக்கு, ஸலாம்.

நாங்கள் நலம். வேலை அமோகமாக முடிந்தது. மேனேஜர் தோளில் தட்டி, "நைனா, சுத்தமான வேலை" என்றார். பட்டியல் மில்லுக்குப் போய்விட்டது. உனக்கு ஒரு சேலை எடுத்திருக்கிறோம், நிறம் மதினியின் தேர்வு, பிடிக்காவிட்டால் என்னைத் திட்டாதே.

இங்கே ஏதோ வைரஸ் வருகிறது, பிளாப்பி வழியாகப் பரவுகிறது என்று ஒரே களேபரம். அத்தா இன்னும் கடை வாசலில் வெயிலில்தான் உட்காருகிறார்களா? ஒரு தட்டி கட்டச் சொல்.

அண்ணன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
21.3.1992

அன்புள்ள அண்ணனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

எல்லோரும் சுகமாக நோன்பு வைத்திருக்கிறோம். சேலை வந்தது, நிறம் நன்றாக இருக்கிறது. நோன்பு வாயோடு கோபப்படக் கூடாது என்று அம்மா சொல்கிறார்கள், அதனால் மெதுவாகக் கேட்கிறேன். பட்டியலில் என்ன செய்து வைத்திருக்கிறீர்கள்?

நேற்று மில் வாசலில் ஒட்டினார்கள். பாதிப் பெண்களுக்கு மேல் பெயர் இல்லை. வெள்ளத்தாய் பெயர் இல்லை. ஒவ்வொருத்தியாக விசாரித்தேன். எட்டு நாள் லீவு எடுத்தவள் இருக்கிறாள், பத்து எடுத்தவள் இருக்கிறாள். சரியாகப் பன்னிரண்டு எடுத்தவள் ஒருத்திகூட இல்லை! பெயர் இல்லாதவர்கள் மே மாதக் கடைசியோடு நின்றுகொள்ள வேண்டுமாம்.

சோணைமுத்து சாரிடம் கேட்டதற்கு, "கம்ப்யூட்டர்லயே வந்துருச்சும்மா, நான் என்ன செய்ய?" என்கிறார். அவர் கையால் ஒட்டிய விதி ஒரு பலகையில், அதற்கு நேர்மாறான பட்டியல் பக்கத்துப் பலகையில். ஆனால் கம்ப்யூட்டர் என்று சொன்னவுடன் எல்லாருக்கும் வாய் மூடிக்கொள்கிறது. வெள்ளத்தாய் பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏட்டி சௌதா, அந்தக் கம்ப்யூட்டரை நீதான சொல்லிக்குடுக்கே? நான் என்ன குத்தம் செஞ்சேன்னு அதுட்ட கேட்டுச் சொல்லு" என்றாள். பஸ்ஸே எங்களைப் பார்த்தது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

என் பிரதியை இன்றைக்கு மறுபடியும் ஓட்டினேன். பன்னிரண்டு நாள் லீவு எடுத்தவள் ஒழுங்காகப் பட்டியலில் வருகிறாள். நீங்கள் மாத்தியை ஓட்டினீர்களா? மாதிரியைப் பார்த்தீர்களா? இந்தக் கடிதம் கண்டவுடன் பதில் எழுதுங்கள்.

சௌதா


ஸ்ரீவில்லிபுத்தூர்
7.4.1992

அன்புள்ள அண்ணனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கள் பெருநாள் வாழ்த்து அட்டை வந்தது. பிறையும் பள்ளிவாசலும் பளபளவென்று இருக்கின்றன. நான் கேட்டதற்கு அதில் ஒரு வரி இல்லை. அட்டையில் இடமில்லை என்றால் ஒரு கார்டு வாங்க முடியாதா?

அத்தாவுக்கு உங்களிடமிருந்து தனியாகக் கடிதம் வந்ததாம். தட்டி கட்டியாயிற்றா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டியாயிற்று.

சௌதா


சென்னை - 14
18.4.1992

அன்புத் தங்கை சௌதாவுக்கு, ஸலாம்.

நாங்கள் சுகம். மதினிக்குக் கால் வீங்குகிறது, உப்பைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். இங்கே வெயில் கொளுத்துகிறது.

நீ கோபப்படுவதில் பயனில்லை. கோளாறு உன் குறியால் வந்தது. நான் அப்போதே படித்துப் படித்துச் சொன்னேன், நீ கேட்கவில்லை. உன் ஒருத்தி கண்ணுக்கு மட்டும் தெரிகிற குறியை வைத்துக்கொண்டு அடுத்தவன் எப்படி வேலை செய்வது? <= என்று எழுதியிருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை.

மில்லிலிருந்து கேட்டதற்குக் கம்பெனியும் பதில் போட்டுவிட்டது. ராஜபாளையம் சென்டரில் விதியைத் தவறாகக் குறித்து அனுப்பிவிட்டார்கள், அதன்படிதான் பட்டியல் எடுத்தோம் என்று எழுதியிருக்கிறார்கள். உன் பெயர் அதில் இல்லை, பயப்படாதே. அடுத்த வருடமும் பட்டியல் எடுப்பார்கள், அப்போது அந்தப் பெண்கள் வந்துவிடலாம். நீ இதைக் கிளறாமல் இரு. அத்தா காதுக்குப் போக வேண்டாம்.

அண்ணன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
22.4.1992

அன்புள்ள அண்ணனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

மதினியைக் காலைத் தலையணை மேல் வைத்துப் படுக்கச் சொல்லுங்கள், அம்மா சொன்னது.

என் பெயர் இல்லையா? புரோகிராம் நன்றாக இருந்தது என்று உங்கள் தோளில் தட்டியபோதும் என் பெயர் இல்லை. அப்போது நான் ஒரு வார்த்தை கேட்டேனா? ராஜபாளையம் சென்டர் என்றால் யார்? சமுத்திரம் அண்ணாச்சியும் நானும் ஒரு பூனையும். பூனையா விதியைக் குறித்தது? சோணைமுத்து சார் கையெழுத்திட்ட தாள் என்னிடம் இருக்கிறது. கம்பெனிக் கடிதத்தைப் பார்த்ததும் மில்லில் எங்கள் சென்டருக்குக் கொடுத்துவந்த சில்லறை வேலைகளையும் நிறுத்திவிட்டார்கள். அண்ணாச்சி திட்டவில்லை. "இனி புதுப் பிள்ளைகளைச் சேர்க்க முடியுமான்னு பாக்கணும்மா" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் திருப்பிப் பேசியிருப்பேன்.

அடுத்த வருடம் வந்துவிடலாமாம்! மே மாதம் வெளியே போனவள் அடுத்த வருடம் எந்த வாசல் வழியாக உள்ளே வந்து லீவு போடாமல் வேலை செய்து காட்டுவாள்? உங்கள் வேலை ஜூன் மாதம் நிரந்தரமாக வேண்டும், அவர்கள் வேலை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். நன்றாக இருக்கிறது நியாயம்.

குறியால் வந்தது என்கிறீர்கள். மாத்தியை ஓட்டாவிட்டால் பாஸ்கல் ≤ ஐப் பார்த்து நின்றுவிடும், தப்பான பட்டியல் வராது, பட்டியலே வராது. ஓட்டியிருந்தால் சரியான பட்டியல் வரும். தப்பான பட்டியல் வருவதற்கு அந்த பிளாப்பியில் வழியே இல்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன், ஆம் இல்லை என்று சொல்லுங்கள். நான் அனுப்பிய பிளாப்பியைப் போட்டீர்களா, இல்லையா?

சௌதா


சென்னை - 14
4.5.1992

அன்புள்ள சௌதாவுக்கு, மதினி ஹாஜரா எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும்.

மாமாவும் மாமியும் நலமா? கால் வீக்கம் கொஞ்சம் பரவாயில்லை. பிள்ளை நன்றாக உதைக்கிறது.

உன் கடிதத்தை உன் அண்ணன் நாலைந்து தடவை எடுத்து வாசித்துவிட்டு மடித்து வைத்துவிட்டார். பதில் எழுத உட்காருகிறார், எழுந்துவிடுகிறார். அதனால் நான் எழுதுகிறேன். உன் பிளாப்பியைப் போடவில்லை சௌதா. வைரஸ் பயத்தில் வெளியிலிருந்து வரும் பிளாப்பி எதையும் உள்ளே கொண்டுவரக் கூடாது என்று கம்பெனியில் உத்தரவு. அட்டைக் கட்டுகூடப் பிரிக்காமல் இங்கே அலமாரியில் இருக்கிறது. நீ அனுப்பிய தாளைப் பார்த்துத்தான் அவர் கையால் தட்டினார். அந்தத் தாளை நானும் பார்த்தேன். கீழ்க்கோடு இல்லை, வெறும் < தான் தெரிகிறது. சன்னல் பக்கம் பிடித்தால் எண்ணெய்த் தடமாக ஒரு கீற்று தெரிகிறது, அவ்வளவுதான். நீ சொன்ன மாதிரியை அவர் ஓட்டிப் பார்க்கவில்லை. அன்றைக்கு எனக்கு இரத்தம் பட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். உங்களைக் கலவரப்படுத்த வேண்டாம் என்று அதையும் அவர் எழுதவில்லை.

பட்டியல் தப்பு என்று உன் கடிதம் வந்த அன்றே அவருக்குப் புரிந்துவிட்டது. தன் கையில் பிசகியது என்று சொன்னால் ஜூன் மாதம் வேலை இருக்காது, ஜூலையில் பிள்ளை. அதற்காக உன் தலையில் போட்டது சரி என்று நான் சொல்ல மாட்டேன். உன்னைப் பேசாமல் இரு என்று கேட்கவும் எனக்கு நா கூசுகிறது.

நான் இதை எழுதுவது அவருக்குத் தெரியும். எழுதாதே என்று சொல்லவில்லை. தபாலில் போடப்போவதும் அவர்தான்.

உன் மதினி
ஹாஜரா


ஸ்ரீவில்லிபுத்தூர்
11.5.1992

அன்புள்ள அண்ணனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

மதினியின் கடிதம் கிடைத்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடியதை எங்களிடம் சொல்லியிருக்கலாம். அம்மாவை அடுத்த பஸ்ஸிலேயே ஏற்றி அனுப்பியிருப்பேன். இப்போது மதினிக்கு எல்லாம் சரிதானே?

அந்தத் தாளில் என் தவறும் இருக்கிறது. எங்கள் ரிப்பனின் யோக்கியதை தெரிந்தும் மாற்றிய பிரதியை அச்சடிக்காமல் ≤ உள்ளதை அடித்தேன், எழுத்து அழகாக இருக்கிறதே என்ற பெருமையில். அதை யார் கேட்டாலும் சொல்வேன். கண் ஏமாந்ததற்காக நான் உங்களைக் கோபிக்கவில்லை. யாருக்கும் ஏமாறும். ஏமாந்தது தெரிந்த பிறகு "விதியைத் தப்பாகக் குறித்தார்கள்" என்று எழுத விட்டீர்களே, அதைக் கண் செய்யவில்லை.

சோணைமுத்து சாரிடம் மறுபடியும் போனேன். அவர் கெட்டவர் இல்லை. "இங்க நான் மட்டும் மாத்த முடியாதும்மா. மெட்ராஸ்ல இருந்து விதி தப்புன்னு எழுதிட்டாக. எங்க பிசகுச்சு, யார் கையில பிசகுச்சுன்னு செஞ்சு காட்டி எழுதிக் குடுத்தா முதலாளிட்ட கொண்டு போறேன்" என்றார். இருபத்துநாலாம் தேதி சென்டருக்கு வருகிறேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை. உங்களுக்காகத்தான் அந்த நாளைக் கேட்டு வாங்கினேன். சனிக்கிழமை சாயங்காலம் ரயில் ஏறினால் காலையில் ஊர், அன்றைக்கே திரும்பிவிடலாம்.

வந்து நீங்களே சொல்லுங்கள். நீங்களாகச் சொன்னால் கைப்பிசகு, மற்றவர் சொன்னால் அது வேறு. நீங்கள் வராவிட்டால் நான் சொல்ல வேண்டியிருக்கும். அத்தாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர்கள் கேட்டது ஒன்றுதான்: "அவன் வாரானா?" வருவார் என்று சொல்லியிருக்கிறேன்.

சௌதா


சென்னை - 14
19.5.1992

அன்புத் தங்கைக்கு, ஸலாம்.

மதினி நலம். உன் கடிதம் கிடைத்தது. மேனேஜர் லீவு தரவில்லை. வர இயலாது. உனக்கு எது சரியென்று படுகிறதோ அதைச் செய். அத்தாவிடம் பக்குவமாகச் சொல்.

அண்ணன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
26.5.1992

அன்புள்ள அண்ணனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

அம்மா சுகம். மதினிக்காகப் பால்கோவா அனுப்பச் சொன்னார்கள், வெயிலில் கெட்டுவிடும் என்று நான்தான் தடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அத்தா கடையைப் பூட்டிவிட்டு என்னோடு ராஜபாளையத்துக்கு வந்தார்கள். வெள்ளை ஜிப்பா போட்டு, தொப்பி வைத்து, நிக்காஹுக்குப் போவது மாதிரி வந்தார்கள். சோணைமுத்து சார் லீவுக் கணக்கோடு வந்தார். வெள்ளத்தாயும் இன்னும் சில பெண்களும் கதவோரமாக நின்றார்கள். முதலில் < போட்டு ஓட்டினேன். மில் வாசலில் ஒட்டியிருந்த பட்டியல் அப்படியே திரையில் வந்தது. பிறகு ≤ போட்டு, மாத்தியை ஓட்டி, மறுபடியும் எடுத்தேன். விடுபட்ட பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. வெள்ளத்தாய் தன் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ரிப்பன் கதையையும், தாளில் நான் செய்த தவறையும் நானே சொன்னேன்.

"எல்லாம் புரியுது. தாளைப் பாத்துத் தட்டுனது யாரும்மா? பேர் வேணும்" என்று சோணைமுத்து சார் பேனாவைத் திறந்தார்.

இத்தனை மாதமாகக் காகிதத்தில் எவ்வளவு கத்தினேன்! அந்த நேரத்தில் எனக்கு வாய் வரவில்லை. மூலையில் உட்கார்ந்திருந்த அத்தா எழுந்து வந்தார்கள். திரையில் என்ன நடந்தது என்று அவர்களுக்குப் பாதி விளங்கியிருக்காது. "எம்மவன்யா. நைனா முகமது. அவன் கையிலதான் பிசகுச்சு, எழுதிக்கோங்க" என்றார்கள். அப்புறம் கதவுப் பக்கம் திரும்பி, "தாயிகளா, அவனுக்காக நான் மாப்புக் கேட்டுக்கிடுதேன்" என்றார்கள். வெள்ளத்தாய் பதறிப்போய், "அய்யய்யோ, நீங்க எதுக்கு மொதலாளி?" என்று அழுதுவிட்டாள். நான் சொல்லியிருக்க வேண்டியதை அத்தா சொல்லும்படி ஆயிற்று. நீங்கள் சொல்லியிருக்க வேண்டியதை நாங்கள் இருவரும் பங்கு போட்டுக்கொண்டோம்.

நேற்று மில்லில் புதுப் பட்டியலை ஒட்டிவிட்டார்கள். பன்னிரண்டு நாள் எடுத்தவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். உங்கள் கம்பெனிக்கும் கடிதம் போயிருக்கிறது. வேலைக்கு ஏதாவது வந்தால் மதினியைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள், சோற்றுக்குப் பஞ்சமில்லை. இதைக் கோபத்தில் சொல்லவில்லை.

கோபம் வேறு இடத்தில் இருக்கிறது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அத்தா, "அவன் ஏம்மா வரல?" என்று கேட்டார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்து எனக்கு உண்மையைச் சொல்ல மனம் வரவில்லை. நீங்கள் எழுதியதையே சொன்னேன், மேனேஜர் லீவு தரவில்லையாம் என்று.

அத்தா தலையாட்டினார்கள். செத்த நேரம் கழித்து என்னைப் பார்க்காமல் கேட்டார்கள்: "ஞாயித்துக்கிழமைக்கு எதுக்கும்மா லீவு?"

அதற்குப் பதிலை நீங்கள் எழுதுங்கள். எனக்கு வேண்டாம், கடை முகவரிக்கு, அத்தா பெயருக்கு எழுதுங்கள்.

சௌதா